எதிர்ப்புச் சக்தியைத் தின்னும் மாத்திரையா?

அன்புள்ள ஐயா,

போன வருடம் எனக்குச் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. மூட்டு வலி மூன்று மாதம் விடவில்லை. வலி அடங்கிய பிறகும் எழுந்து பல் தேய்க்கக்கூட மனசு வரவில்லை. கடைசியில் மனநல மருத்துவரைப் பார்த்தேன். எட்டு மாதமாக எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது வேலைக்குப் போகிறேன், சிரிக்கிறேன். ஆனால் சித்தப்பா, "அது எதிர்ப்புச் சக்தியையே தின்னுடும், நிறுத்து" என்கிறார். தங்கை அனுப்பிய வீடியோவிலோ, மனச்சோர்வு என்பதே உடம்பின் அழற்சிதான், மஞ்சள் மிளகுப் பால் போதும் என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

பெயர் வேண்டாம், காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் மருத்துவன் இல்லை, ஆனால் இதைச் சொல்ல மருத்துவனாக இருக்க வேண்டியதில்லை. எட்டு மாதம் சாப்பிட்டதைச் சட்டென்று விட்டால் தலைசுற்றலாம், தூக்கம் கெடலாம், சிலருக்குத் தலைக்குள் ஷாக் அடிப்பதுபோல இருக்கும். நோய் திரும்பிவிட்டதாக நினைத்து மிரண்டுபோனவர்கள் உண்டு. எப்போது குறைப்பது, எவ்வளவு மெதுவாகக் குறைப்பது என்பதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி சித்தப்பா. கொரோனாவுக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தி நமக்குச் சேமிப்புக் கணக்கு மாதிரி ஆகிவிட்டது. கபசுரக் குடிநீர் குடித்தால் ஏறும், ஐஸ்கிரீம் தின்றால் இறங்கும். உண்மையில் அது ராக்காவல். காவலர் தூங்கினாலும் ஆபத்து, தெருவில் போகிறவர்கள்மேல் எல்லாம் தடியைச் சுழற்றினாலும் ஆபத்து. நம் காவலே நம் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் இரண்டாவது வகை. மனச்சோர்வு உள்ளவர்களிலும் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, அழற்சியை, அதாவது எதிர்ப்பு அணுக்கள் கிளப்பும் கொந்தளிப்பைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் புரதத்தின் அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அவர்களிடம் காவல் குறையவில்லை, தேவைக்கு மேல் விழித்திருக்கிறது. உங்கள் மாத்திரை வகை அதை அணைப்பதில்லை. ஸ்டீராய்டு போல எதிர்ப்பை அடக்கும் மருந்தல்ல அது. சிகிச்சைக்குப் பிறகு ஐ.எல்.6 போன்ற அழற்சிப் புரதங்கள் ஓரளவு இறங்குவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

சித்தப்பாவின் பயம் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தேன். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் க்ளோசபின் சிலருக்கு வெள்ளையணுவை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அதனால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். அதை யாரோ சொல்லக் கேட்டு, எல்லா 'மனசு மாத்திரை'க்கும் சேர்த்துவிட்டார் போல. இது என் ஊகம்தான்.

வீடியோக்காரர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சம்தான் சுவாரசியமானது. வைரஸ் தாக்கும்போது நம் உடம்பே சுரக்கும் புரதம் இன்டர்ஃபெரான். அதையே ஊசியாக ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்கும், மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்காரர்களுக்கும் போட்டார்கள். நேற்றுவரை மனக்கோளாறே இல்லாதவர்களில் பலர் சில வாரங்களில் பேச்சுக் குறைந்து, சாப்பாடு இறங்காமல், அழுதபடி உட்கார்ந்துவிட்டார்கள். 2001இல் அமெரிக்காவில் 40 மெலனோமா நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஊசி தொடங்கும் முன்பே பாதிப் பேருக்கு உங்கள் மாத்திரை வகையைச் சேர்ந்த பராக்ஸெடின் கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரைக்காரர்களில் நூற்றுக்கு 45 பேர் வீதம் மனச்சோர்வில் விழுந்தார்கள். பராக்ஸெடின் சாப்பிட்டவர்களில் 11 வீதம்தான். அளவில் சிறிய சோதனை. ஆனாலும் மனம் பலவீனமானவர்களுக்குத்தான் இந்த நோய் வரும் என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

காய்ச்சல் கண்ட மாடு புல்லைத் தொடாமல் மூலையில் ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கிருமி செய்யும் வேலையல்ல. எதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் சைட்டோகைன் மூளையிடம், 'அடங்கிக் கிட' என்று சொல்கிறது. பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை மருத்துவ அறிஞர் 1988இலேயே, இந்த ஒதுங்கல் நோயோடு போராட விலங்குக்கு உதவும் ஏற்பாடு என்று எழுதினார். பல் தேய்க்க மனசு வராத உங்கள் காலைகளும் இந்த வகையாக இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும்.

எல்லாமே அழற்சிதான் என்றால், அழற்சியை அடக்கும் மருந்து எல்லோருக்கும் கேட்க வேண்டுமே. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் மற்ற மருந்துக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 60 பேருக்கு, முடக்குவாதத்துக்குப் போடும் இன்ஃப்ளிக்ஸிமாபையும் வெறும் உப்பு நீரையும் பிரித்து ஏற்றிப் பார்த்தார்கள். 2013இல் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. சி.ஆர்.பி. 5க்கு மேல் இருந்தவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. குறைவாக இருந்தவர்களோ உப்பு நீரிலேயே கூடுதலாகத் தேறினார்கள். ஆகவே, அழற்சி சிலருடைய கதை, எல்லோருடையதும் அல்ல. மஞ்சளில் உள்ள குர்குமின் ரத்தத்தில் சேர்வதே கடினம். பாலை பாலாகக் குடியுங்கள், தடையில்லை.

சித்தப்பாவோ வீடியோக்காரரோ சொல்லாத ஒன்றுதான் உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை. ரத்தத் தட்டணுக்கள் செரடோனின் என்ற வேதிப்பொருளைத் தாங்களாகச் செய்வதில்லை, ரத்தத்திலிருந்து உறிஞ்சிச் சேர்த்துவைக்கின்றன. காயம் பட்டால் ரத்தம் உறைய அது உதவுகிறது. மூளையில் செரடோனின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் உங்கள் மாத்திரை இந்த உறிஞ்சலையும் தடுக்கிறது. தனியாக இருந்தால் பெரும்பாலும் தொந்தரவில்லை. மூட்டு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக்கோ ஆஸ்பிரினோ வாங்கிச் சேர்த்துச் சாப்பிட்டால் வயிற்றில் ரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடும். அப்படி வாங்குகிற பழக்கம் இருந்தால் அடுத்த முறை மருத்துவரிடம் அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். மலம் கறுப்பாகப் போனால் அடுத்த முறைக்குக் காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள்.