மறு: படித்திறன் இறக்கம் ஒருங்கவில்லை, பெறுமானம் ஏறுகிறது
தம்பி, சரிவுக்கு எதிராகப் படிப்படியாக இறங்கிச் சார்பின் மிகக் குறைந்த பெறுமானத்தைத் தேடும் படித்திறன் இறக்க முறையை, அக்கரைப்பற்று நெல் விளைச்சல் தரவுக்கு முன் எக்ஸ்² + 50வை² என்ற சார்பில் சோதித்தபோது, படி நீளம் (படித்திறனைப் பெருக்கிக் கழிக்கும் எண்) 0.05இலேயே விடை வெடித்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். நிரலில் பிழை இல்லை. வை திசையில் படித்திறன், அதாவது சரிவு, 100வை. ஒரு படி வைத்ததும் 0.05 × 100வை கழிந்து, வை என்பது (1 − 5)வை, அதாவது −4 மடங்கு ஆகிறது. வயல் வாய்க்காலில் இறங்கி நடக்காமல், கரைக்குக் கரை இன்னும் உயரமாகத் தாவுவது போல. ஒவ்வொரு படியிலும் வை சுருங்க, இங்கே படி நீளம் 2/100, அதாவது 0.02ஐ விடக் குறைய வேண்டும்.

சரி, 0.019 வைத்தால் ஒருங்கும், அதாவது விடையை நெருங்கிச் சேரும், ஆனால் எக்ஸ் ஒவ்வொரு படியிலும் 0.962 மடங்காகத்தான் சுருங்கும். மெதுவான வேலை. வையை √50 ஆல் பெருக்கிப் புது மாறியாக எடுத்து, படி நீளம் 0.5 கொடுத்துப் பாருங்கள், ஒரே படியில் இழிவுப் புள்ளி! எனக்கு இன்றும் மிகப் பிடித்த கணக்கு இது.

உங்கள் தரவிலும் மழை மில்லிமீற்றரில் நூற்றுக்கணக்கில், மண்ணின் பிஎச் (அமிலத்தன்மை அளவு) 5, 6 என்று இருக்கிறது. முதலில் ஒவ்வொன்றிலும் சராசரியைக் கழித்து நியம விலகலால் வகுங்கள். அப்புறமும் தாவினால், சார்பு போதியளவு குறையும்வரை படி நீளத்தைப் பாதியாக்குங்கள், ஆர்மிஹோ என்ற கணித ஆய்வாளர் 1966இல் தந்த நிபந்தனை அதற்குத்தான். கிடைத்த பெறுமானங்களை இங்கே போடுங்கள், பார்ப்போம்.