தோட்டை அடகு வைக்க வேண்டாம்

கேள்வி: என் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. வங்கியில் அவர் பெயரில் 6 லட்ச ரூபாய் டெபாசிட் இருக்கிறது. நாமினி போடவில்லை. தாசில்தார் ஆபீஸில் வாங்கிய வாரிசுச் சான்றிதழைக் கொடுத்தேன். கொழுந்தனார் வீட்டில் இருக்கும் மாமியார் கையெழுத்துப் போட மறுக்கிறார். அதனால் கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று வாங்கி வரச் சொல்லிவிட்டார்கள். கோர்ட் ஃபீஸ், வக்கீல் ஃபீஸ் என்று கேட்டால் தலை சுற்றுகிறது. தையல் வேலையில்தான் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைக்கிறேன். மிச்சமிருப்பது காதில் கிடக்கும் தோடு மட்டும்தான். அதை அடகு வைக்கலாமா? - வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வேண்டாம் சகோதரி. அதற்கு அவசியமே இல்லை.

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-வது பிரிவு, இலவச சட்ட உதவி பெறத் தகுதியானவர்களைப் பட்டியல் போடுகிறது. அதில் பெண்கள் என்று தனியாகவே இருக்கிறது. வருமான வரம்பு உங்களுக்குக் கிடையாது. வக்கீல் மட்டுமல்ல, கோர்ட் ஃபீஸ், நோட்டீஸ் அனுப்பும் செலவு, நகல் எடுக்கும் செலவு எல்லாமே இந்த உதவியில் அடங்கும். விஷயம் தெரியாமல் பலர் "வக்கீல் வேண்டும்" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, ஃபீஸுக்குக் கடன் வாங்குகிறார்கள். நீங்கள் சட்ட உதவி கேட்கும் மனுவிலேயே "கோர்ட் ஃபீஸ் கட்டவும் எனக்கு வசதியில்லை" என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். கோர்ட் சான்றுக்கான ஃபீஸ், டெபாசிட் தொகைக்கு ஏற்ற சதவீதக் கணக்கு. அதைக் கோர்ட் மனுவோடு முன்கூட்டியே கட்டச் சொல்கிறது இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதனால் உதவி கேட்டு முடித்த பிறகே கோர்ட்டில் மனு போட வேண்டும்.

எங்கே போவது? உங்கள் ஊர் கோர்ட் வளாகத்துக்குள்ளேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். மாவட்டக் கோர்ட்டில் மாவட்ட ஆணைக்குழு. தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். உங்களுக்காக நியமிக்கப்படும் வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. கேட்டால், நியமித்த அலுவலகத்திலேயே புகார் கொடுங்கள்.

ஆனால், கோர்ட் மனுவுக்கு முன்னால் இன்னொன்றைச் செய்து பாருங்கள் என்பதுதான் என் விருப்பம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்கள், இரண்டு பிள்ளைகள், மாமியார் என நால்வருக்கும் சம பங்கு. 6 லட்சத்தில் மாமியாரின் பங்கு ஒன்றரை லட்சம். மகனைப் பறிகொடுத்த தாய் அவர். தன்னைக் கழித்துக் கட்டிவிடுவார்களோ என்ற பயம்கூட அந்த மறுப்புக்குக் காரணமாக இருக்கலாம். அவர் பங்கை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். அதே சட்டப் பணிகள் குழுவில், வழக்குப் போடும் முன்பே சமரசத்துக்கு அவரை அழைக்கச் சொல்லி மனு கொடுக்கலாம். இதற்கு ஃபீஸ் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் கோர்ட் சான்றே தேவைப்படாமல் போகலாம். வாரிசுகளுக்குள் தகராறு இல்லையென்றால், 15 லட்சம் வரை (கூட்டுறவு வங்கியானால் 5 லட்சம்) எளிய நடைமுறையில் கொடுக்க ரிசர்வ் வங்கி 2025-இல் விதி வகுத்திருக்கிறது.

"பாப்பர் கேஸ்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வசதியில்லாதவர் கோர்ட் ஃபீஸ் கட்டாமலேயே வழக்குப் போடும் வழி அது. பாகப்பிரிவினை போன்ற சிவில் வழக்குக்குப் பயன்படும். வசதியைக் கணக்கிடும்போது வழக்கில் கேட்கும் சொத்தையும், ஜப்தி செய்யக் கூடாத சமையல் பாத்திரம், தொழில் கருவி போன்றவற்றையும் சேர்க்க மாட்டார்கள். உங்கள் தையல் மெஷினும் அந்த வகைதான். ஜெயித்தால் அரசு அந்த ஃபீஸை வசூலித்துக்கொள்ளும். உங்களுக்கு இப்போது அந்த வழி தேவையில்லை.

போகும்போது இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, டெபாசிட் ரசீது ஆகியவற்றின் நகல்களை எடுத்துச் செல்லுங்கள். வங்கி வாய்மொழியாகத்தான் சொன்னதென்றால், கோர்ட் சான்று ஏன் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கி அதையும் சேர்த்து வையுங்கள்.