பட்டனை அழுத்தி நான்கு நிமிடம்: அந்த நேரம் எங்கே போகிறது?

கேள்வி: என் லேப்டாப்புக்கு ஏழு வயது. விண்டோஸ் 10 ஓடுகிறது. பவர் பட்டனை அழுத்தி, பிரவுசர் திறந்து வேலையைத் தொடங்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. நண்பர் சொன்னபடி பிரீஃபெட்ச் ஃபோல்டரை அழித்தேன், ரெஜிஸ்ட்ரி கிளீனர் ஓட்டினேன், எம்எஸ்கான்ஃபிக்கில் பிராசஸர் எண்ணிக்கையையும் மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. ரேம் கூட்டினால் சரியாகுமா, அல்லது புதிதாகவே வாங்கிவிடலாமா?

பதில்: புதிது வாங்கும் யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பழைய லேப்டாப் திறக்க நான்கு நிமிடம் எடுத்தால், அதன் பிராசஸருக்கு வலு போய்விட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அது எதற்காகவோ காத்துக்கொண்டு நிற்கிறது. எதற்காக நிற்கிறது என்று பார்க்காமல் செய்ததால்தான் இதுவரை செய்த எதுவும் உதவவில்லை. ஆகவே முதல் வேலை, அளப்பது.

ஸ்டார்ட் மெனுவில் ஷட்டவுன் கொடுக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கொடுங்கள் (காரணம் பிறகு). முழுதாக அணைந்ததும், போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். மூன்று நேரங்களைக் குறிக்க வேண்டும். திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுழல ஆரம்பிக்கும் வரை ஒன்று. அங்கிருந்து பாஸ்வேர்டு கேட்கும் திரை வரை இரண்டு. பாஸ்வேர்டு கொடுத்த பிறகு, மவுஸ் தயங்காமல், பிரவுசர் சொன்ன பேச்சைக் கேட்கும் வரை மூன்று.

முதல் பகுதியில் விண்டோஸ் இன்னும் களத்துக்கே வரவில்லை. மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர், அதாவது நாம் பழக்கத்தில் பயோஸ் என்று சொல்வது, ரேம், டிஸ்க், கீபோர்டு எல்லாவற்றையும் சரிபார்க்கிறது. இரண்டாம் பகுதியில் விண்டோஸின் கெர்னல் (அதன் மையப் பகுதி), டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்), சர்வீஸ்கள் (பின்னணியில் ஓடுபவை) ஏறுகின்றன. மூன்றாவதில் நீங்களும் நீங்கள் நிறுவிய மென்பொருள்களும் சேர்த்துவைத்த சுமை ஏறுகிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. முதல் பகுதி 50 நொடி எடுக்கிறது என்றால், விண்டோஸுக்குள் எத்தனை ஃபைலை அழித்தாலும் அதில் ஒரு நொடிகூடக் குறையாது.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் விண்டோஸே குறித்து வைத்திருக்கிறது. ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல் என்று போங்கள். அங்கே 100 என்ற எண்ணுள்ள பதிவு, பூட் ஆக, அதாவது விண்டோஸ் ஏறி முடிய, எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று சொல்லும். அதிலேயே டெஸ்க்டாப் வரும் வரை ஆன நேரமும், அதன் பிறகு ஆரம்ப வேலைகள் முடிந்து கம்ப்யூட்டர் ஓய ஆன நேரமும் தனித்தனியாக இருக்கும். 101 என்றால் வழக்கத்தைவிடத் தாமதித்த மென்பொருள், 102 என்றால் டிரைவர், 103 என்றால் சர்வீஸ். பெயரோடு இருக்கும். இணையத்தில் பொதுவான யோசனைகளைத் தேடுவதைவிட இந்தப் பதிவுகளைப் பத்து நிமிடம் படிப்பது மேல்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்பதன் கீழ் ஹெச்டிடி (சுழலும் ஹார்ட் டிஸ்க்) என்றோ எஸ்எஸ்டி (சுழலாத, சிப்களில் சேமிக்கும் டிஸ்க்) என்றோ எழுதியிருக்கும். சி டிரைவ் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். சில லேப்டாப்களில் இரண்டும் இருக்கும், விண்டோஸ் மட்டும் ஹார்ட் டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கும். அங்கே ஹெச்டிடி என்று இருந்து, லாகின் ஆன பிறகு இரண்டு மூன்று நிமிடம் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், காரணம் கிடைத்துவிட்டது. நீங்கள் எழுதியதை வைத்து என் ஊகமும் இதுதான்.

ஹார்ட் டிஸ்க் ஏன் இந்த அளவுக்குத் தடையாகிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். லேப்டாப்களில் வரும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும். ஒரு சுற்றுக்கு சுமார் 11 மில்லிசெகண்ட். வேண்டிய தகவல் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிசெகண்ட் ஆகும். அதற்கு முன் அந்தத் தலை சரியான தடத்துக்கு நகர இன்னும் பத்துப் பன்னிரண்டு மில்லிசெகண்ட். ஆக, ஒரு சிறு ஃபைலின் ஒரு துண்டைப் படிக்கவே 15 முதல் 18 மில்லிசெகண்ட் போய்விடுகிறது. நொடிக்கு அறுபது துண்டு படித்தாலே பெரிய விஷயம். பூட் ஆகும்போது கம்ப்யூட்டர் கேட்பதோ அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை. எஸ்எஸ்டியில் சுழல்வதற்கும் நகர்வதற்கும் ஒன்றுமே இல்லை. அதே துண்டு ஒரு மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்கு நேரத்திலோ அதைவிடக் குறைவாகவோ வந்துவிடும். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இதனால்தான், ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டருக்கு நான் முதலில் சொல்வது எஸ்எஸ்டி. மற்ற எல்லா மாற்றங்களையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. நான்கு நிமிடம் எடுத்த லேப்டாப் அரை நிமிடத்துக்குள் திறப்பது சாதாரணமாக நடக்கிற ஒன்று.

வாங்கும்போது பெட்டியின் மேல் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சாட்டா என்ற பழைய இணைப்பு வகை எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி அளவில் படிக்கும், என்விஎம்இ என்ற புதிய வகை 3500 எம்பியும் அதற்கு மேலும் படிக்கும். ஆனால் அது ஒரே பெரிய ஃபைலைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். பூட் ஆகும் நேரத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. உங்கள் லேப்டாப்பில் 2.5 இன்ச் ஹார்ட் டிஸ்க் இருந்தால், அதே இடத்தில் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி பொருந்திவிடும். எம்.2 ஸ்லாட் (மெல்லிய அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருந்தால் அது சாட்டாவை ஏற்குமா, என்விஎம்இயை ஏற்குமா என்று மாடல் எண்ணை வைத்து உறுதி செய்துகொண்ட பிறகே வாங்குங்கள். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், மாற்றிப் போட்டால் வேலை செய்யாது.

ஹார்ட் டிஸ்க் முன்பைவிடத் திடீரென்று மெதுவாகியிருந்தால் இன்னொரு சாத்தியத்தையும் பார்க்க வேண்டும். அது சாகும் தறுவாயில் இருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதன் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பை, காட்டும். அதில் ரீஅலகேட்டட் செக்டர், கரன்ட் பெண்டிங் செக்டர் (இரண்டும் பழுதான அல்லது பழுதென்று சந்தேகிக்கப்படும் இடங்களின் கணக்கு) என்பவற்றில் ஒன்றாவது சுழியாக இல்லாவிட்டால், வேகத்தைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, அன்றைக்கே உங்கள் ஃபைல்களை வேறு இடத்தில் பிரதி எடுங்கள். அந்த நிலையில் டிஃப்ராக் (சிதறிய துண்டுகளை ஒழுங்குபடுத்தும் கருவி) ஓட்டவே கூடாது.

டிஸ்க் ஏற்கெனவே எஸ்எஸ்டிதான் என்றால், அல்லது மாற்றிய பிறகும் மூன்றாம் பகுதி நீள்கிறது என்றால், டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் எதிரே அதன் தாக்கம் ஹை, மீடியம், லோ என்று இருக்கும். ஒரு நொடிக்கு மேல் பிராசஸர் நேரத்தையோ, 3 எம்பிக்கு மேல் டிஸ்க் படிப்பையோ எடுத்துக்கொள்வதைத்தான் விண்டோஸ் ஹை என்கிறது. சாட், மீட்டிங், பாட்டு, கேம் லாஞ்சர், பிடிஎஃப் அப்டேட்டர், பிரின்டரோடு வந்த உதவி மென்பொருள் எல்லாவற்றையும் தயங்காமல் டிசேபிள் செய்யலாம். டிசேபிள் செய்தால் அது அழிந்துவிடாது. நீங்கள் திறக்கும்போது திறக்கும், தானாக எழாது, அவ்வளவுதான். ஆன்டிவைரஸ், டச்பேட், ஆடியோ சம்பந்தப்பட்டவற்றைத் தொட வேண்டாம். கிளவுட் சிங்க் விஷயத்தில் யோசித்துச் செய்யுங்கள். அதை நிறுத்திவிட்டு, ஃபைல் பிரதியாகிக்கொண்டிருக்கிறது என்று நம்பியிருப்பது ஆபத்து.

டிசேபிள் செய்தும் சில மென்பொருள் தானாகத் திறந்தால், செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் பகுதியில் பாருங்கள். அணைக்கும்போது திறந்திருந்தவற்றை மறுபடி திறக்கச் சொல்லும் ஒரு சுவிட்ச் அங்கே இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். பிரவுசர் போன முறை விட்ட நாற்பது டேப்களையும் மீட்டெடுக்கும்படி அமைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். நீங்கள் பிரவுசர் திறப்பதை வைத்தே நேரத்தைக் கணக்கிடுவதால் இது உங்களுக்கு முக்கியம். இவற்றுக்கும் அகப்படாமல் ஒளிந்திருப்பதைக் காண மைக்ரோசாஃப்டே தரும் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதில் எதையும் டெலிட் செய்யாதீர்கள், டிக்கை மட்டும் எடுங்கள். தவறாகப் போனால் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஷிஃப்ட் விசைக்கான காரணம். 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் மென்பொருள்கள் மூடப்படும், ஆனால் கெர்னலின் நிலை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கப்படும். மறுநாள் அதைப் படித்துக்கொண்டு எழும். ரீஸ்டார்ட் கொடுத்தாலோ, ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தாலோ மட்டுமே எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், அளப்பதற்கு அதுதான் வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் இந்த வசதி நன்றாகவே உதவும், அணைத்து வைத்திருந்தால் பவர் ஆப்ஷன்ஸில் போய் இயக்குங்கள். எஸ்எஸ்டியில் லாபம் குறைவு. தினமும் அணைத்துத் திறந்தும் ஏதோ ஒரு டிரைவர் கோளாறு நாள்கணக்கில் தொடர்வதற்கும் இதுவே காரணமாகலாம், ஆகவே வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள். லினக்ஸையும் (விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளம்) சேர்த்து வைத்திருப்பவர்கள் இதை அணைத்துவிடுவதே நல்லது. பாதி உறங்கும் விண்டோஸ் பார்ட்டிஷனில் லினக்ஸிலிருந்து எழுதினால் தகவல் சிதையலாம்.

முதல் பகுதிதான் நீள்கிறதா? அதே ஸ்டார்ட்அப் பக்கத்தின் மேல் ஓரத்தில் லாஸ்ட் பயோஸ் டைம் என்று ஒரு எண் இருக்கும் (பழைய பயோஸ் முறையில் ஓடும் கம்ப்யூட்டர்களில் தெரியாது). பத்துப் பதினைந்து நொடிக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் போனால் முதலில் யுஎஸ்பியில் செருகியிருப்பதையெல்லாம், குறிப்பாக வெளி ஹார்ட் டிஸ்க்கை, கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். பிறகு பயோஸுக்குள் போய் பூட் வரிசையில் விண்டோஸ் உள்ள டிஸ்க்கை முதலில் வையுங்கள், நெட்வொர்க் பூட்டை அணையுங்கள். அங்கே எதையும் தொடுவதற்கு முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இயங்குகிறதா என்று பார்த்து, அதன் ரிக்கவரி கீயைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயோஸ் அமைப்பு மாறினால் அது அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். எண் இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளது எதுவும் கிடைக்காது.

நண்பர் சொன்னவற்றைப் பற்றி: பிரீஃபெட்ச் ஃபோல்டர் என்பது, எந்த மென்பொருளுக்கு எந்தத் துண்டுகள் தேவை என்று விண்டோஸ் பார்த்துப் பார்த்து எழுதிவைத்த குறிப்பு. அதை அழித்தால் அடுத்த சில முறை இன்னும் மெதுவாகத்தான் திறக்கும், பிறகு விண்டோஸே மறுபடி எழுதிக்கொள்ளும். எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியில் உள்ள பிராசஸர் எண்ணிக்கை, இருப்பதைக் குறைத்துச் சோதிப்பதற்காக வைத்தது. டிக் இல்லாவிட்டால் விண்டோஸ் எல்லாக் கோர்களையும் பயன்படுத்தும், ஆகவே உடனே அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் இடம்; அதன் கிளீனர் பூட் நேரத்தைக் குறைப்பதில்லை, தவறான பதிவை அழித்துவிட்டால் விண்டோஸ் திறக்காமலே போகலாம். அதை நீக்கிவிடுங்கள், அதுவே ஸ்டார்ட்அப்பில் ஒரு சுமையாக ஏறியிருக்கலாம்.

ரேம் பற்றிக் கேட்டீர்கள். 4 ஜிபிதான் இருக்கிறது என்றால் 8 ஆக்குவது நல்லதுதான். ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கையே தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தும், ஏற்கெனவே திணறும் ஹார்ட் டிஸ்க்கின் மேல் அந்தச் சுமையும் சேரும். ஆனால் ஒன்றுதான் இப்போது முடியும் என்றால் எஸ்எஸ்டி முதலில், ரேம் அப்புறம்.

புதிது வாங்குவதற்கு உண்மையான காரணம் வேறொன்று இருக்கலாம். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, 4 ஜிபி ரேம், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசஸர் வேண்டும். ஏழு வயது லேப்டாப் இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கமும் இருக்கலாம். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். தகுதி இருந்தால் எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் 11-க்கு மாறுங்கள், இன்னும் சில வருடம் தாராளமாக உழைக்கும். தகுதி இல்லாவிட்டாலும் எஸ்எஸ்டியோடு லினக்ஸ் போட்டுப் பயன்படுத்த முடியுமா என்று யோசித்த பிறகு புதியதைப் பாருங்கள்.

எஸ்எஸ்டிக்கு மாறும்போது பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் (முழுப் பிரதி) செய்வதைவிட, விண்டோஸைப் புதிதாக நிறுவுவதையே உங்களுக்குப் பரிந்துரைப்பேன். கிளீனர்கள் கைவைத்த ரெஜிஸ்ட்ரியைப் புது டிஸ்க்குக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். உரிமம் டிஜிட்டல் முறையில் மதர்போர்டோடு இணைந்திருந்தால், டிஸ்க் மாறினாலும் இணையத்தில் இணைந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். ஒரு யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, வேண்டிய ஃபைல்களை எடுத்துக்கொண்டு, எதுவும் விடுபடவில்லை என்று நிச்சயமாகும் வரை ஓரிரு மாதம் பத்திரமாக வைத்திருங்கள்.