வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்

மேடம், வணக்கம். எனக்கு 41 வயது, கோவையில் லேத் பட்டறையில் வேலை. பதினெட்டு வருஷக் குடி. முதலில் சனிக்கிழமை சம்பளத்தன்று மட்டும் என்றிருந்தது, அப்புறம் தினம் ஒரு குவார்ட்டர், கடைசி இரண்டு வருஷம் காலையில் கை நடுக்கம் நிற்கவே ஒரு கட்டிங் தேவைப்பட்டது. நிறுத்தப் பார்க்காமல் இல்லை. கோயிலில் கயிறு கட்டினேன். மூன்று முறை சபரிமலைக்கு மாலை போட்டேன். 48 நாளும் ஒரு சொட்டுத் தொடவில்லை, மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடையில் நின்றேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பத்து நாள் சேர்ந்து சிகிச்சை எடுத்தேன். இன்றோடு குடிக்காமல் 26 நாள். கிளம்பும்போது டாக்டர், "மாத்திரை மட்டும் போதாது, ஏ.ஏ. கூட்டத்துக்குப் போங்க" என்று ஒரு நம்பர் கொடுத்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசும் கூட்டமாம். வியாழக்கிழமை போனேன். சர்ச் வளாகத்தில் ஓர் அறை, வாசலில் பத்துப் பன்னிரண்டு ஜோடி செருப்பு, உள்ளே யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். வண்டியை ஆஃப்கூடச் செய்யாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் மனைவி "போனீங்களா?" என்று கேட்டாள். "போனேன், நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டேன். ஆறாவது படிக்கும் என் மகள் நான் வந்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். பாசம் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன், என் மூச்சை மோந்து பார்க்கிறாள் என்று இப்போதுதான் புரிகிறது.

மாலை போட்டே நிற்காத குடி, நாலு பேர் உட்கார்ந்து பேசினால் நிற்குமா? நான் சாமி கும்பிடுகிறவன், சர்ச்சுக்குள் போய் என்ன செய்வது? தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்?

*

அன்புள்ள தம்பி,

அந்த மாலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கிறது. 48 நாள் உங்களால் எப்படி முடிந்தது? பார்க்கிறவரெல்லாம் சாமி என்று கூப்பிட்டார்கள், சாயங்காலமானால் பஜனை, மனம் தடுமாறினால் கேட்க ஒரு குருசாமி, கூடவே உங்களைப் போலவே விரதம் இருக்கும் பத்துப் பேர். மாலையைக் கழற்றிய அன்று இவ்வளவும் ஒரே நாளில் போய்விட்டது, குடி நோய் மட்டும் அப்படியே இருந்தது. உங்கள் பக்தியில் குறை இல்லை, உங்கள் மன உறுதியிலும் இல்லை. ஏ.ஏ. என்பது அந்தத் துணை கழற்றாமல் தொடர்வது மாதிரிதான். ஆனால் அங்கே 48 நாள் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், இன்றைக்கு ஒரு நாள், 24 மணி நேரம் குடிக்காமல் இரு என்பார்கள்.

அந்த அறை வாடகைக்கு எடுத்தது. கூட்டம் நடத்த இடம் தருவதோடு சர்ச்சின் வேலை முடிந்தது, யாரும் உங்களை மதம் மாற்ற வரவில்லை. 1935-இல் அமெரிக்காவின் அக்ரான் நகரத்தில் குடியை விட முடியாமல் தவித்த ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை சிகிச்சை டாக்டரும் ஒருவருக்கொருவர் மனம் விட்டுப் பேசியதில் ஆரம்பித்தது இது. கடவுளைப் பற்றிப் பேசுவார்கள், ஆனால் நீங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள் என்றுதான் சொல்வார்கள், ஐயப்பனையே நினைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கும்? ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்பார், தன் கதையைச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். நடுவில் யாரும் புத்தி சொல்ல மாட்டார்கள். உங்களைப் பேசச் சொன்னால் "இன்னைக்குக் கேட்கத்தான் வந்தேன்" என்றால் போதும். கட்டணம் கிடையாது, கடைசியில் செலவுக்காக ஒரு பை சுற்றி வரும், புதியவர் போட வேண்டியதே இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. தெரிந்தவர் பார்ப்பாரே என்றீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் தெரிந்தவரும் அதே நோய்க்குத்தான் வந்திருப்பார், அங்கே பார்த்ததையும் கேட்டதையும் வெளியே சொல்வதில்லை என்பது அவர்கள் கட்டுப்பாடு. நீங்கள் கேட்ட அந்தச் சிரிப்பை நானும் கேட்டிருக்கிறேன், வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை ஒருவர் சொல்லும்போது, "அட, நானும் அப்படித்தான்" என்று மற்றவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. ஒரு குழு பிடிக்கவில்லையென்றால் வேறு குழுவுக்குப் போகலாம், ஒரே கூட்டத்தில் முடிவு கட்டாதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கூட்டத்துக்குப் போகிறோமே என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மறுபடி தினமும் குடிக்க ஆரம்பித்துவிட்டால் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தவும் கூடாது, முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அப்புறம் நினைவு தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரியில் மனம் மிகவும் தவித்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசுவார்கள்.

இன்று ராத்திரி, மகள் தூங்கிய பிறகு, மனைவியிடம் "நான் வாசலோடு வந்துட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். கோபப்படுவார், படட்டும், பதினெட்டு வருஷத்தில் அவர் கேட்காத பொய் இருக்காது, நீங்களாக முன்வந்து சொன்ன உண்மைதான் குறைவாக இருந்திருக்கும். குடிப்பவர்களின் வீட்டாருக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு, அவருக்கும் அது வேண்டும். அப்புறம் நாளைக்கே அந்த நம்பருக்குப் போன் செய்து, "போன வாரம் வாசல் வரைக்கும் வந்தேன், இந்த வாரம் யாராவது வெளியே நிற்பீங்களா?" என்று கேளுங்கள். கட்டாயம் நிற்பார்கள், அவர்களில் பலரும் முதல் நாள் அப்படித்தான் உள்ளே வந்தவர்கள். வியாழக்கிழமை வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் போங்கள். போய்வந்து எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.