எழுதியிருந்தால் எம்டன் ஆகிவிடுமா?

கேள்வி: 'சென்னையில் குண்டு போட்ட எம்டன், 1914, அசல் தபால் அட்டை' என்ற விளம்பரத்தைப் பார்த்து இணையக் கடை ஒன்றில் ரூ. 4,500 கொடுத்து வாங்கினேன். படத்தில் கப்பலுக்கு இரண்டே புகைபோக்கிகள். இது வேறு கப்பல் என்கிறார் நண்பர். விற்றதைத் திரும்ப வாங்க மாட்டோம் என்கிறது கடை. – மதுரை வாசகர்

பதில்: நண்பருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். அதே வருடம் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதை அடித்து நொறுக்கிவிட்டது. ஜெர்மனி பெயரை மட்டும் விடவில்லை. 1916இல் ஒரு எம்டன், 1925இல் இன்னொன்று. உங்களிடம் இருப்பது அந்த 1925 எம்டன். குண்டு போட்டபோது அது பிறக்கவே இல்லை.

கடை சொல்வதை நம்பாதீர்கள். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்த விளம்பரத்தை அவர்கள் அழிப்பதற்குள் படம் பிடித்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

கேள்வி: மூன்று புகைபோக்கி, பெயர் இல்லை. எம்டன்தானே?

பதில்: அச்சு அசலாக அதே போல ட்ரெஸ்டன் என்று ஒரு சகோதரக் கப்பல் உண்டு. எம்டன் விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான்கு புகைபோக்கி உள்ள அட்டை. எம்டன் போலிப் புகைபோக்கி வைத்து ஏமாற்றிய சமயத்தில் எடுத்த அபூர்வப் படமாம். ரூ. 12,000. முன்பணம் கட்டிவிட்டேன்.

பதில்: கட்டிவிட்டு ஏன் கேட்கிறீர்கள்? பினாங்குக்குள் அப்படி நுழைந்தது உண்மை. அதுவும் விடியும் முன், யாருக்கும் தெரியாமல். எந்த ஸ்டூடியோக்காரர் கேமராவோடு காத்திருந்தார்? நிஜமாகவே நான்கு புகைபோக்கி இருந்தது, எம்டனை அடித்த சிட்னிக்கு.

எனக்கு இதில் ஒரு பழைய எரிச்சல் உண்டு. எல்லாரும் எழுத்தைப் படிக்கிறார்கள், அட்டையைப் பார்ப்பதில்லை. முதலில் திருப்புங்கள். பின்பக்கத்தைக் கோடு போட்டுப் பிரித்து, செய்திக்கும் முகவரிக்கும் தனித்தனி இடம் விடுவதை பிரிட்டன் 1902இல்தான் அனுமதித்தது, ஜெர்மனி 1905இல். கோடு இருக்கும் ஜெர்மன் அட்டையை 1895 என்று விற்றால் நகருங்கள். அப்புறம் ஒரு பூதக்கண்ணாடி. பழுப்புக் கறையே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், அது பழைய அட்டையின் புது நகல். நிஜக் கறை காகிதத்தில் ஊறியிருக்கும்.

இவ்வளவு பேசும் நான், 1930ஆம் வருடத்து அட்டை என்று ஒன்றைப் பழம்பொருள் கடையில் வாங்கி, சட்டம் போட்டு மாட்டினேன். கண்ணாடி உடைந்து கழற்றியபோதுதான் பின்பக்கம் பார்த்தேன். அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கு (PIN code) ஆறு கட்டங்கள். அந்த எண் வந்தது 1972இல்.

கேள்வி: தாத்தாவின் கப்பல் அட்டைகளைப் பத்திரமாக லேமினேஷன் செய்துவிட்டேன். நல்ல விலை போகுமா?

பதில்: போகாது.