டெலிபோன் லைனா, கேபிளா? வீட்டு இணையம் பற்றி வலங்கைமான் வாசகருக்குப் பதில்

வலங்கைமான் வட்டத்தில், குடமுருட்டிக் கரையை ஒட்டிய கிராமத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டில் நெடுநாளாக பிஎஸ்என்எல் தரைவழித் தொலைபேசியும், அதே கம்பியில் வரும் டிஎஸ்எல் எனப்படும் இணையமும் இருக்கின்றன. தொலைபேசி நிலையமான எக்ஸ்சேஞ்ச், சாலை வழியாக ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மகள் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்; அலுவலகக் கூட்டங்களில் அவர் பேசுவது விட்டுவிட்டுக் கேட்கிறதாம். உள்ளூர் கேபிள்காரர் டிவியோடு இணையமும் தருவதாகவும், வேகம் பத்து மடங்கு கிடைக்கும் என்றும் சொல்கிறார். மாறலாமா என்பதே கேள்வி.

மகளின் குரல் உடைவதற்கான காரணத்தை முதலில் பார்ப்போம். உங்கள் வீட்டில் இருப்பது பெரும்பாலும் டிஎஸ்எல்லில் ஏடிஎஸ்எல்2 பிளஸ் என்ற வகை இணைப்பாக இருக்கும். எக்ஸ்சேஞ்சை ஒட்டிய வீட்டில் இதன் இறக்க வேகம், அதாவது இணையத்திலிருந்து நம் வீட்டுக்கு வரும் வேகம், 24 எம்பிபிஎஸ் (நொடிக்கு 24 மெகாபிட்) வரை போகக்கூடும். கம்பி நீள நீள வேகம் குறைந்து, இரண்டரை கிலோமீட்டரில், கம்பி நல்ல நிலையில் இருந்தால், 10 எம்பிபிஎஸ்ஸை ஒட்டிக் கிடைக்கும். படம் பார்க்கவும் செய்தி படிக்கவும் அது போதும். ஆனால் நம் வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் ஏற்ற வேகம் இவ்வகை இணைப்பில் வழக்கமாக 1 எம்பிபிஎஸ் அளவோடு நின்றுவிடுகிறது. தெளிவான வீடியோ அழைப்பு ஒன்றுக்கே 1 முதல் 3 எம்பிபிஎஸ் வரை ஏற்றம் வேண்டும். வீட்டில் யாருடைய கைபேசியாவது புகைப்படங்களைத் தானாக இணையச் சேமிப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், அந்த ஒரு எம்பிபிஎஸ்ஸும் அதற்கே போய்விடும். ஆகவே இன்றே, செலவில்லாமல், வேலை நேரத்தில் அந்தத் தானியங்கிச் சேமிப்பை நிறுத்திவைத்துப் பாருங்கள். குரல் தெளிவடைந்தால் கோளாறு கம்பியில் இல்லை, அதன் கொள்ளளவில்தான் இருக்கிறது என்பது உறுதியாகும்.

அடுத்து, கம்பியின் உடல்நிலையைச் சோதிக்க வேண்டும். தொலைபேசியை எடுத்து ஏதேனும் ஓர் எண்ணை அழுத்துங்கள்; டயல் டோன் நின்று சில நொடிகள் அமைதியாக இருக்கும். அந்த அமைதியில் கரகரப்போ இரைச்சலோ கேட்டால், வழியில் எங்கோ ஒரு ஜாயிண்டில் (கம்பிகளை இணைத்த இடத்தில்) ஈரம் இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். பிறகு கணினியில் மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, எஸ்என்ஆர் மார்ஜின் என்ற எண்ணைப் பாருங்கள்; இரைச்சலைத் தாங்க லைனில் எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்கிறது என்பதை அது காட்டும். அது 10 டெசிபெலுக்கு மேல் இருந்தால் லைன் நிதானமாக இருக்கிறது. 6-க்குக் கீழே இறங்கினால் இணைப்பு அடிக்கடி அறுந்து அறுந்து சேரும். வெயில் காலத்தில் ஒரு முறையும், ஐப்பசி அடைமழையில் ஒரு முறையும் இந்த எண்ணைக் குறித்துவைத்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே உங்கள் லைனின் கதையைச் சொல்லிவிடும்.

டெல்டாவில் இது மற்ற ஊர்களைவிடப் பெரிய பிரச்சினை. நம்முடைய களிமண் நிலம் தண்ணீரை எளிதில் விடாது. வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் மண்ணுக்குள் இருக்கும் ஜாயிண்டுகள் மாதக்கணக்கில் ஈரத்திலேயே கிடக்கின்றன. வீடுகளுக்குக் கம்பிகள் பிரியும் தெருமுனை டிபி பெட்டியைத் திறக்கும்போது திருகாணிகளில் பச்சைக் களிம்பு படிந்திருப்பதை லைன்மேனுடன் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். அந்தக் களிம்பைச் சுரண்டி, கம்பி முனையைப் புதிதாகச் சீவி முடுக்கினாலே பாதிக் கோளாறு தீர்ந்துவிடுவது உண்டு. எனவே லைன்மேன் வந்தால் மோடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போக விடாமல், டிபி பெட்டி வரை வந்து பார்க்கும்படி வற்புறுத்திக் கேளுங்கள். ஆனால், செப்பு இணைப்புகளைப் படிப்படியாக ஃபைபருக்கு (ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழைக்கு) மாற்றிவரும் காலத்தில், பழைய கம்பிக்கு முன்போல் பராமரிப்பு கிடைக்கும் என்று நம்பித் திட்டமிடுவது சரியாகாது.

செப்புக் கம்பிக்கு ஒரு நல்ல குணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. எக்ஸ்சேஞ்சுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் வழக்கமாக இருப்பதில்லை. எக்ஸ்சேஞ்சில் பேட்டரி இருக்கும்; வீட்டில் மோடத்தை இன்வெர்ட்டரில் செருகியிருந்தால் மின்தடையிலும் இணையம் ஓடும்.

இனி கேபிள்காரருக்கு வருவோம். கேபிள் இணையம் என்று அவர் சொல்வது மூன்றில் ஏதேனும் ஒன்றாக இருக்கலாம். உங்கள் முடிவு முழுக்க அதைப் பொறுத்தது. டிவிக்கு வரும் அதே தடித்த கோஆக்சியல் வயரில் மோடத்தை மாட்டித் தருவது ஒரு முறை. அடுத்தவர் வீட்டு மாடியிலோ கம்பத்திலோ உள்ள சுவிட்ச் பெட்டியிலிருந்து லேன் வயரை இழுத்துத் தருவது இன்னொரு முறை. வீடு வரை ஃபைபர் கொண்டுவருவது மூன்றாவது. "வீட்டுக்குள் என்ன வயர் வரும்?" என்று கேட்டு, அதன் துண்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

கோஆக்சியல் என்றால் ஏட்டளவில் வேகம் டிஎஸ்எல்லைவிட மிக அதிகம். ஆனால் அந்த வேகம் தெருவுக்கே பொதுவானது; ஒரே வாய்க்காலில் எல்லோரும் ஒரே நேரத்தில் மடை திறந்தால் கடைமடைக்கு என்ன எஞ்சும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். இரவு எட்டு மணிக்கு அந்த நெருக்கடி வரும். அதைவிடக் கவலை தருவது ஏற்றத் திசை. வீடுகளிலிருந்து வரும் ஏற்றச் சமிக்ஞைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து மேலே போவதால், யாரோ ஒருவர் வீட்டில் கனெக்டர் தளர்ந்திருந்தால்கூட அதன் வழியே நுழையும் இரைச்சல் எல்லோருடைய ஏற்றத்தையும் கெடுத்துவிடும். உங்கள் மகளுக்குத் தேவைப்படுவது துல்லியமாக அந்த ஏற்றம்தான். மேலும் கம்பங்களில் உள்ள, சமிக்ஞையை வலுவாக்கும் ஆம்ப்ளிஃபையர்கள் மின்சாரத்தில் இயங்குபவை. உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் அடுத்த தெருவில் மின்சாரம் போனால் இணையம் நின்றுவிடக்கூடும்.

லேன் வயர் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வயர் ஒரு இணைப்புக்கு 100 மீட்டர்தான் தாங்கும் என்பதால் இடையிடையே சுவிட்ச் பெட்டிகள் வைக்க வேண்டியிருக்கிறது. வெட்டவெளியில் நீளும் செப்பு வயர் என்பதால், இடி மின்னல் நாட்களில் முதலில் எரிவது அவைதான்.

ஃபைபர் என்றால் தயங்காமல் மாறுங்கள். ஒரு இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் வழக்கமான ஜிபான் முறையில், ஒரு இழையில் நொடிக்கு 2.5 ஜிகாபிட் (2,500 எம்பிபிஎஸ்) வரை இறங்கும், அதில் பாதி அளவு ஏறும். அதை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்தாலும் ஒவ்வொருவருக்கும் தாராளமாகக் கிடைக்கும். 20 கிலோமீட்டர் வரை தூரம் பொருட்டில்லை. வழியில் இழையைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் வேண்டாம். கண்ணாடி இழை ஈரத்தில் களிம்பு பிடிக்காது, மின்னலைக் கடத்தாது. இழையைத் தாங்க வயரோடு வரும் எஃகுக் கம்பியை மட்டும் வீட்டுக்கு வெளியிலேயே நறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். பல ஊர்களில் கேபிள்காரர்களே பிஎஸ்என்எல் ஃபைபருக்கும் பங்காளிகளாக இருக்கிறார்கள். அப்படியானால் உங்கள் பழைய தொலைபேசி எண்ணையே புதிய இணைப்புக்கு மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள்.

கம்பத்தில் தொங்கும் எதுவும் புயலுக்குத் தப்பாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா கரையைக் கடந்தபோது கம்பங்களோடு வயர்களும் சாய்ந்தன. அதில் செப்பு, ஃபைபர் என்ற பேதம் இல்லை. வேலையே இணையத்தை நம்பி இருப்பதால், வேறொரு நிறுவனத்தின் சிம்மை டேட்டாவோடு தயாராக வைத்திருப்பது மகளுக்கு அவசியம்.

பணம் கட்டுமுன், பில் யார் பெயரில் வரும் என்று கேளுங்கள். இணையச் சேவை உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரில், 18 சதவீத ஜிஎஸ்டியுடன் முறையான பில் வந்தால்தான் பின்னர் புகார் எண் பெற்று முறையிட வழி இருக்கும். துண்டுச் சீட்டில் எழுதித் தருபவரிடம் அது முடியாது. ஆண்டுச் சந்தா கட்டினால் தள்ளுபடி என்று சொல்வார்கள். இப்போதைக்கு மாதச் சந்தாவில் மட்டும் சேருங்கள். பழைய லைனைத் துண்டிக்காமல் வைத்துக்கொண்டு, மகளின் மடிக்கணினியை வைஃபை இல்லாமல் வயர் மூலம் நேரடியாக ரவுட்டரில் செருகி, பகல் பதினொரு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் ஏற்ற வேகத்தை அளந்து எழுதிவையுங்கள். இரண்டு நேரத்திலும் 5 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறையாமல் ஒரு மாதம் நின்றால், தொலைபேசி நிலையத்தில் பழைய மோடத்தை ஒப்படைத்து, வைப்புத்தொகையைத் திரும்பக் கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிடலாம்.