கத்தி பிடிக்கும் கைக்கு ஆராய்ச்சி எதற்கு?

கேள்வி: என் மகள் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை இறுதியாண்டு படிக்கிறாள். அடுத்து எம்.சி.எச். இதய அறுவை சேர வேண்டும், கூடவே ஆராய்ச்சியும் செய்ய வேண்டும் என்கிறாள். உறவில் உள்ள டாக்டர் ஒருவர், “ஸ்டென்ட் வந்த பிறகு பைபாஸுக்கு ஏது கேஸ்? அதிலும் ஆபரேஷன் செய்கிறவருக்கு ஆராய்ச்சி எதற்கு?” என்று கேட்கிறார். நான் பள்ளி ஆசிரியர், எனக்கு இரண்டுமே புரியவில்லை. அவள் எங்கே சேருவது, எப்படித் தொடங்குவது? ஆராய்ச்சி என்று இறங்கினால் வருமானம் போய்விடுமா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: உறவினர் சொன்னதில் பாதி சரி ஐயா. ஒன்றிரண்டு இடத்தில் அடைப்பு என்றால் இன்று ஸ்டென்ட்தான், அதாவது ரத்தக் குழாய்க்குள் சிறு வலைக் குழல் வைத்து அடைப்பைத் திறப்பது. பைபாஸ் என்பது உடலில் வேறொரு ரத்தக் குழாயை எடுத்து இணைத்து, அடைப்பைச் சுற்றி வழி விடும் ஆபரேஷன். சர்க்கரை நோயும் இருந்து, பல ரத்தக் குழாய்களிலும் அடைப்பு இருப்பவர்களின் கதை வேறு. அப்படிப்பட்ட 1,900 பேரை வைத்து ‘ஃப்ரீடம்’ என்றொரு ஆய்வு நடந்தது. 2012-இல் முடிவு வந்தது. ஐந்து ஆண்டுகளில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் வைத்த பக்கம் 26.6 சதவீதம், பைபாஸ் பக்கம் 18.7 சதவீதம். நம் ஊரில் சர்க்கரை இல்லாத வீடு எது என்று உங்களுக்கே தெரியும். ருமாட்டிக் காய்ச்சலில் வால்வு கெட்டு வருகிறவர்களும், பிறவியிலேயே இதயத்தில் ஓட்டையோடு வரும் குழந்தைகளும் இதற்குமேல். கேஸுக்குப் பஞ்சமில்லை. சேருகிற ஆளுக்குத்தான் பஞ்சம். படிப்பு நீளம், சம்பாத்தியம் தாமதம் என்பதால் எம்.சி.எச். இதய அறுவை இடங்கள் சில ஆண்டுகளாகக் கவுன்சிலிங் முடிந்த பிறகும் காலியாகக் கிடக்கின்றன. இடம் கிடைக்குமா என்ற கவலையை விட்டுவிடுங்கள். எந்தத் துறையில் கிடைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆராய்ச்சி என்றதும் நீங்கள் மைக்ராஸ்கோப், எலிக்கூண்டு என்று நினைத்திருப்பீர்கள். அறுவை சிகிச்சையாளரின் ஆராய்ச்சி பெரும்பாலும் அங்கே தொடங்குவதில்லை. மேஜையில் நோயாளி படுத்திருக்கும்போது ஒரு எரிச்சல் வரும்: ‘இதை ஏன் இப்படியே செய்துகொண்டிருக்கிறோம்?’ அந்த எரிச்சலைப் பத்துப் பதினைந்து வருஷம் விடாமல் பிடித்துக்கொள்கிறவர்தான் ஆராய்ச்சியாளர் ஆகிறார்.

நம் பக்கத்து மாநிலத்திலேயே இதற்கு ஆள் இருந்தார். இதய அறுவை நிபுணர் எம்.எஸ். வல்லியத்தான், 1934-இல் கேரளத்தின் மாவேலிக்கரையில் பிறந்தவர். லிவர்பூலில் படித்து, பிறகு அமெரிக்காவில் சார்லஸ் ஹுஃப்னகலிடம் பயின்றார். மனித உடலில் முதன்முதலாகச் செயற்கை வால்வு பொருத்தியவர் அந்த ஹுஃப்னகல்தான், 1952-இல். வல்லியத்தான் 1974-இல் திருவனந்தபுரத்துக்கு வந்தார், இன்று ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிடியூட் என்று நாம் அறிகிற நிறுவனத்தை வளர்க்க. அங்கே அவர் தினமும் பார்த்தது ருமாட்டிக் வால்வு நோயாளிகளை. இளம் வயதினர், பெரும்பாலும் ஏழைகள். வால்வு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலையோ குடும்பத்தையே விற்கிற விலை. எப்படிப் பொருத்துவது என்று அவருக்குத் தெரியும், பொருத்துவதற்குப் பொருள்தான் இல்லை. சரி, நாமே செய்வோம் என்று இறங்கினார்.

செயற்கை வால்வு பார்க்க அற்பமாகத்தான் இருக்கும். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு உலோக வளையம், அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டத் தகடு, சுற்றிலும் தையல் போட ஒரு துணி விளிம்பு. அவ்வளவுதான். கையில் வைத்து ஆட்டினால் ‘டிக்’ என்று சத்தம் வரும். ஆனால் நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 3.8 கோடி தடவை அந்தத் தகடு திறந்து மூட வேண்டும். ஒரு தடவைகூடச் சிக்கக் கூடாது. தேய்ந்து துகள் உதிரக் கூடாது, ரத்தம் அதன்மேல் உறையக் கூடாது. வல்லியத்தானும் பொறியாளர் புவனேஷ்வரும் அவர்கள் குழுவும் செய்த முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஒன்றில் செயற்கை நீலக்கல்லில் தகடு செய்தார்கள், அத்தனை கடினமான பொருள். ஆட்டுக்குப் பொருத்திப் பார்த்தபோது அந்தத் தகடே உடைந்துபோனது. நான்காவதில் வளையத்துக்குக் கோபால்ட்–குரோமியம் உலோகக் கலவை. தகடுக்கு, கேட்டால் சிரிப்பீர்கள், ஒருவகை உறுதியான பாலிஎத்திலீன். கல் தோற்ற இடத்தில் பிளாஸ்டிக் ஜெயித்தது. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. நம் சென்னை டி.டி.கே. குழுமம் தயாரிப்பை ஏற்க, டி.டி.கே. சித்ரா வால்வு என்ற பெயரில் இதுவரை 1 லட்சம் பேருக்கு மேல் பொருத்தியிருக்கிறார்கள். வல்லியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த இன்ஸ்டிடியூட்டில் மருத்துவமனை ஒரு பக்கம், பூஜப்புராவில் பழைய அரண்மனை ஒன்றில் பொறியாளர்களின் பிரிவு இன்னொரு பக்கம். உங்கள் மகளுக்குக் கருவி செய்யும் ஆசை இருந்தால் இப்படிப் பொறியாளரும் ஆட்டுக்கொட்டகையும் அருகிலேயே உள்ள இடம் வேண்டும். அவை இல்லாத இடத்தில் ஆசை மட்டும் இருந்து பயனில்லை.

இன்னொரு வகை ஆராய்ச்சி உண்டு. அதற்குக் கொட்டகை வேண்டாம், பொறுமை வேண்டும். மார்புக்குள் இருக்கும் தமனி ஒன்றை எடுத்து இதயத்தின் முன்பக்கக் குழாயில் இணைத்தால் நோயாளிகள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்று 1986-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டிலிருந்து கணக்கு வந்தது. ஒன்று நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லதுதானே? ஆக்ஸ்ஃபோர்டு இதய அறுவை நிபுணர் டேவிட் டாகர்ட் அப்படித்தான் நம்பினார். ஆனாலும் நம்பிக்கையைச் சோதனைக்கு வைத்தார். இந்தியா உட்பட ஏழு நாடுகள், 28 மருத்துவமனைகள், 3,102 நோயாளிகள். 2004-இல் ஆள் சேர்க்கத் தொடங்கி, பத்தாண்டு முடிவு 2019-இல்தான் வெளிவந்தது. இரண்டு தமனி வைக்கத் தீர்மானித்தவர்களில் இறந்தவர்கள் 20.3 சதவீதம், ஒன்று வைத்தவர்களில் 21.2. வித்தியாசம் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

ஏன் அப்படி என்று தோண்டியதில்தான் சுவாரசியம். யாருக்கு ஒன்று, யாருக்கு இரண்டு என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத்தான் பிரித்தார்கள். இரண்டு என்று சீட்டு விழுந்தவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு மேஜையில் ஒன்றுதான் வைக்க முடிந்திருந்தது. ஒன்று என்று விழுந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குமேல் கைத் தமனியையும் சேர்த்து வைத்திருந்தார்கள். மாத்திரை ஆய்வில் மாத்திரை ஒன்றேதான், யார் கொடுத்தாலும் அதே மாத்திரை. அறுவை ஆய்வில் மருந்து என்பது டாக்டரின் கை. அது ஆளுக்கு ஆள் மாறும். இந்தச் சிக்கலைக் கத்தி பிடித்தவர்தான் உள்ளிருந்து புரிந்துகொள்ள முடியும். ‘ஆபரேஷன் செய்கிறவருக்கு ஆராய்ச்சி எதற்கு’ என்ற உங்கள் உறவினரின் கேள்விக்கு என் பதில் இதுதான்.

எல்லாம் இப்படி ஏமாற்றத்தில் முடிவதில்லை. இதயத்தின் இடது மேலறையில் விரல் போல ஒரு பை தொங்கும். துடிப்பு ஒழுங்கு தவறியவர்களுக்கு ரத்தக்கட்டி பெரும்பாலும் அங்கேதான் உருவாகும். வேறு காரணத்துக்காக நெஞ்சைத் திறக்கும்போதே அதையும் மூடிவிட்டால் என்ன? கனடாவின் ரிச்சர்ட் விட்லாக், அவரும் அறுவை நிபுணர், 27 நாடுகளில் 4,700 பேருக்கு மேல் வைத்துச் சோதித்தார். மூடியவர்களில் பக்கவாதமோ ரத்தக்கட்டி அடைப்போ வந்தவர்கள் 4.8 சதவீதம், மூடாதவர்களில் 7. சில நிமிடத் தையல் வேலைதான். 2021-இல் முடிவு வந்தது.

இனி என் வீட்டுக் கதை. நானும் இதய அறுவை செய்கிறவன்தான், பெரிய ஆராய்ச்சியாளன் இல்லை. ஆனால் பயிற்சிக் காலத்தில் என் ஆசிரியர் ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு கேஸுக்கும் கிளாம்ப் நேரம் (பெருந்தமனியைப் பிடித்து மூடியிருந்த நேரம்), பம்ப் நேரம் (இதயத்தின் வேலையை இயந்திரம் செய்த நேரம்), எத்தனை கிராஃப்ட் (இணைத்த குழாய்), அப்புறம் நோயாளியின் போன் நம்பர் எழுதச் சொன்னார். நம்பர் எதற்கு என்று அன்று புரியவில்லை. சில ஆண்டு கழித்து, பைபாஸுக்காகக் காலில் ரத்தக் குழாய் எடுத்த காயம் எத்தனை பேருக்குப் பிரிந்தது என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். “எங்களிடம் மிகக் குறைவு” என்றேன், முழு நம்பிக்கையோடு. அன்றிரவு சந்தேகம் வந்து நோட்டைப் பிரித்தேன். பாதி நம்பர் பக்கத்து வீட்டுடையது, சில மளிகைக் கடையுடையது. “அந்த அம்மா கட்டு மாத்தப் போயிருக்காங்க சார், ஆறி முடிய மூணு மாசமாச்சு” என்று ஒரு கடைக்காரர் சொன்னார். காயம் பிரிந்தவர்கள் எங்களிடம் திரும்பி வரவே இல்லை, ஊர் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். நான் சொன்ன ‘மிகக் குறைவு’ என் கண்ணுக்குப் பட்டது மட்டுமே. சர்க்கரை உள்ள பெண்களுக்குக் காலைத் திறக்கும் விதத்தை நாங்கள் மாற்றியது அந்தப் போன்களுக்குப் பிறகுதான்.

ஆகவே உங்கள் மகள் எம்.சி.எச். வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இப்போது எம்.எஸ். தீஸிஸுக்கு எடுத்த தலைப்பையே ஒழுங்காக முடிக்கட்டும். பல பேர் அதைக் கடைசி மாதத்தில் ஒப்பேற்றுகிறார்கள், அங்கேயே ஆராய்ச்சி செத்துவிடுகிறது. ஒரு புள்ளியியல் ஆசிரியரை இப்போதே பழக்கம் பிடித்துக்கொள்ளட்டும். தரவு சேர்த்த பிறகு போனால், “முதலிலேயே வந்திருக்கக் கூடாதா” என்றுதான் அவர்கள் சொல்வார்கள். எம்.சி.எச். தீஸிஸுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நிதியுதவித் திட்டம் வைத்திருக்கிறது, விண்ணப்பிக்கலாம். சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற, மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். பி.எச்டி. பற்றி இப்போதே யோசிக்க வேண்டாம். கை படியாத வயதில் கையை விட்டு விலகினால் இரண்டும் அரைகுறையாகும்.

வருமானம்? மறைக்காமல் சொல்கிறேன். தனியார் மருத்துவமனையில் முழுநேரமும் ஆபரேஷன் செய்யும் சக மாணவர் இவளைவிட அதிகம் சம்பாதிப்பார், பல ஆண்டுகளுக்கு. ஆராய்ச்சிக்கு இடம் தரும் அரசு நிறுவனங்களிலும் கல்லூரிகளிலும் சம்பளம் கௌரவமாக இருக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வீட்டுக்கடன், தங்கை கல்யாணம் என்று பாரம் இருந்தால் அதையும் கணக்கில் வைத்து அவளோடு உட்கார்ந்து பேசுங்கள்.

சேரும் முன் அந்தத் துறைக்கு ஒரு நாள் நேரில் போகச் சொல்லுங்கள். பேராசிரியரைப் பார்ப்பதற்கு முன் மூன்றாம் ஆண்டு மாணவரை கேன்டீனில் பிடித்துக் கேட்கட்டும்: நீ தனியாக எத்தனை கேஸ் செய்தாய், உன் தீஸிஸ் எங்கே அச்சானது, போன வருஷம் ஆபரேஷன் ஆனவர்கள் இன்று எப்படி இருக்கிறார்கள் என்று இங்கே யாராவது போன் செய்து கேட்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு அவர் விழித்தால், அடுத்த ஊருக்கு பஸ் ஏறலாம்.